கார்டு வசதி விரைவில்

பள்ளி வேன் ஓட்டிய காலத்தில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன் அக்கா. பிறகு கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு மின்சார டாக்ஸி எடுத்தாள். வண்டி சத்தமே போடாது. அவள் போட வேண்டிய சத்தத்துக்கெல்லாம் சார்ஜ் நிலையங்கள் வழி செய்து கொடுத்தன. நிலையத்துக்கு ஒரு ஆப். ஆப்புக்கு ஒரு பாஸ்வேர்டு, ஒரு பணப்பை. பணப்பையில் முதலிலேயே காசு போட்டாக வேண்டும். உள்ளே போன காசுக்குத் திரும்பி வரும் வழி தெரியாது.

அன்று மகளின் மாமியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். முன் இருக்கை காலியாக இருந்தும் அந்த அம்மாள் பின்னால்தான் ஏறினார். சம்பந்தி டாக்ஸி ஓட்டுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதிலேயே ஓசியில் போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

பாதி வழியில் சார்ஜ் இறங்கிவிட்டது. ஒரு நிலையத்தில் நிறுத்தி ஆப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது. சரி, புதிதாக ஒன்று கொடுத்தாள். பழையதும் இதுதான், வேறு கொடு என்றது.

"என்ன சம்பந்தி, வண்டி படுத்துடுச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. ஆப்புதான் படுத்துது."

உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பாட்டுப் போட்டார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் நடுநடுவே வந்து சத்தியம் செய்துவிட்டுப் போனது.

சம்பந்தியம்மா பொறுமையிழந்து இறங்கி, மெஷினைச் சுற்றி வந்தார். "கார்டு வசதி விரைவில்" என்று அதில் ஒரு ஸ்டிக்கர். புதுத் தட்டோ அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜோ, ஒட்டியிருப்பதைச் சுரண்டாமல் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். முழுசாக உரிந்து வந்தது. அடியில் ஒரு பச்சை விளக்கு.

"இங்க என்னமோ எரியுது, பாருங்க."

ஹாரன் அக்கா டெபிட் கார்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். ஒரு சின்ன சத்தம் வந்தது. சார்ஜ் ஏறத் தொடங்கியது. மெஷின் ஊர் பேர்கூடக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உதவி எண்ணில் ஆள் வந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்த மெஷின்ல கார்டு வசதி இல்லைங்க மேடம்."

"இப்ப கார்டுலதான் ஏறிட்டிருக்கு."

"வாய்ப்பே இல்லைங்க. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாருங்க."

"அதைத்தான் எங்க சம்பந்தி உரிச்சுட்டாங்களே."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அது ரொம்ப நாளா வேலை செய்யுதுங்க. எல்லாரும் பணப்பையில காசு போடணும்னுதான் மூடி வச்சிருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

போகிற வழியில் இன்னொரு நிலையம் கண்ணில் பட்டது. சம்பந்தியம்மா நிறுத்தச் சொன்னார். சார்ஜ் நிறைய இருக்கிறது என்றாள் அக்கா.

"இருக்கட்டுமே. சும்மா பாத்துட்டுப் போலாம்."

அங்கேயும் ஸ்டிக்கருக்கு அடியில் பச்சை விளக்குதான். கண் டாக்டர் அரை மணி நேரம் காத்திருந்தார். சம்பந்தி வீட்டில் இப்போது சொல்லும் கதையில் டாக்ஸி ஓட்டியது யார் என்ற பேச்சே கிடையாது. சார்ஜ் போட்டது யார் என்பது மட்டும் விரிவாக வரும்.

மறுநாள் ஹாரன் அக்கா ஆப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். மிச்சக் காசு திரும்பாது என்று எல்லாம் ஒரே வாயாகச் சொல்லின. ஒன்று மட்டும், உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம் என்று எழுதி, அழும் முகம் ஒன்றையும் அனுப்பியது.

மகளிடம் போனை நீட்டிக் காட்டினாள்.

"காசையும் வச்சுக்கிட்டு அழறான் பாரு."