குறைந்துபோன சுவர்

அணை கட்டும் இடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. அலுவலகத்தில் படக்காரர். கல் சுமப்பவர்களுக்கு அவர் கறுப்புத் துணிக்காரர், ஏனென்றால் அவர் முகத்தைவிட, கேமராவை மூடிய அந்தத் துணிக்குள் குனிந்த முதுகைத்தான் அவர்கள் அதிகம் பார்த்திருந்தார்கள்.

ஆற்று நீரை மறித்து மின்சாரம் எடுப்பது அப்போது புதிய சங்கதி. வேலை எப்படி வளர்கிறது என்று தலைமை அலுவலகத்துக்குக் காட்ட, திங்கட்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். மலைச்சரிவில் ஒரு பாறையில் கேமரா நிறுத்தும் முக்காலிக்கென்று மூன்று குழிகள் வெட்டியிருந்தார்கள். அதே குழிகள், அதே கோணம், படம் பதிய வாரம் ஒரு கண்ணாடிப் பிளேட். பிளேட்டைக் கழுவி, தாளில் அச்செடுத்து, பதிவேட்டில் எண்ணும் தேதியும் எழுதுவது அவர் மனைவி. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இவருடையதை இவரே படிக்கத் திணறுவார்.

மூன்றாம் வருடம் தலைமை இன்ஜினியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 112-ஆம் படத்தில் இடது கரைச் சுவர் பதினைந்து வரிசைக் கல் உயரம் இருக்கிறது, அடுத்த வாரத்து 113-இல் பன்னிரண்டு வரிசைதான் இருக்கிறது, விளக்கம் தேவை என்று எழுதியிருந்தார்.

படக்காரர் சிரித்தார். எண் மாறியிருக்கும், அவ்வளவுதான். பிளேட்டுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் வரிசைகளை எண்ணினார். 109-இல் பன்னிரண்டு. 110-இல் பதின்மூன்று. அப்படியே ஏறி 112-இல் பதினைந்து. 113-இல் பன்னிரண்டு. 114-இல் மறுபடி பதினைந்து.

பன்னிரண்டு வரிசை இருப்பது 109-இன் வாரமாக இருக்க வேண்டும். ஆனால் 109 தனியாக, ஒழுங்காக இருந்தது. அதுவுமில்லாமல், கல் தூக்கும் எந்திரத்தை வலது கரைக்கு நகர்த்தியது 111-ஆம் வாரம். 113-இல் எந்திரம் வலது கரையில்தான் நிற்கிறது. எப்படி மாற்றி அடுக்கினாலும் ஏதோ ஒன்று இடித்தது.

இதையெல்லாம்விட அவரைக் கலக்கியது வேறு. 113-ஐ எடுத்த நினைவே அவருக்கு இல்லை.

ஓவர்சீயரிடம் போனார். இடது கரைச் சுவர் அவர் பொறுப்பு.

"சுவர் எங்கயாவது குறையுமாங்க?" என்றார் ஓவர்சீயர், தலையை நிமிர்த்தாமல். "நீங்கதான் கேமராவைத் தள்ளி வச்சிருப்பீங்க."

"குழி பாறையில இருக்கு. எப்படித் தள்ளி வைக்க முடியும்?"

"அப்ப எனக்குத் தெரியல."

கொத்தனார் ஒருவரைக் கேட்டார். அவர் ஓவர்சீயர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு எண்ணிக்கையே வராதுங்க" என்றார். நாள் முழுக்கக் கல்லை எண்ணி அடுக்குகிற மனிதர்.

இரண்டு நாள் படக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. புத்தி பிசகுகிறதோ என்று பயம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"113-ஆ? அது நான்தானே எடுத்தேன்," என்றாள் அவள், மடிப்பதை நிறுத்தாமல்.

"நீயா?"

"உங்களுக்குக் குளிர்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. திங்கட்கிழமை விட்டுப்போச்சுன்னா வேலை போயிடுமேன்னு நானே தூக்கிட்டுப் போனேன். உங்ககிட்டச் சொன்னேனே. 'சரி, சரி'ன்னீங்க."

"காய்ச்சல்ல என்ன சொன்னாலும் சரின்னுதான் சொல்லுவேன்." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "சுவர் எப்படி இருந்துச்சு?"

"மேல கொஞ்சம் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. கல்லெல்லாம் கீழ கிடந்துச்சு. கட்டுறதுன்னா அப்படித்தான் போலன்னு நினைச்சேன். கேமராவுக்குள்ள எல்லாமே தலைகீழாத்தானே தெரியுது. ஏறுதா இறங்குதான்னு யாரு கண்டா?"

அவள் சொன்னதை அப்படியே பதிலாக எழுதி அனுப்பினார். பத்து நாளில் தலைமை இன்ஜினியரே வந்து இறங்கினார். ஓவர்சீயர் அதிகம் மறைக்கவில்லை. அந்த மூன்று வரிசைக்கும் போட்ட சுண்ணாம்புக் காரை கெட்டுப்போனது, விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. ஆட்களை இரட்டிப்பாக்கி, பிரித்து, நல்ல காரை போட்டு இரண்டு வாரத்தில் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். எழுதி வைத்தால் கேள்வி வரும் என்று எழுதவில்லை. படக்காரர் காய்ச்சலில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தாராம்.

சுவரைத் துளை போட்டுச் சோதித்தார்கள். அணையிலேயே உறுதியான பகுதி அதுதான் என்று தெரிந்தது. ஆனாலும் மறைத்ததற்காக ஓவர்சீயரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வண்டி ஏறும்போது அவர் படக்காரரிடம் வந்து, "உங்க வீட்டுக்காரம்மாவுக்குக் கை நடுங்கல. படம் தெளிவா இருந்துச்சு" என்றார். அது கோபமா பாராட்டா என்று படக்காரருக்குப் புரியவில்லை. நல்ல காரியம் செய்தவரை மாட்டிவிட்டோமா, தப்பு செய்தவரைக் காட்டிக்கொடுத்தோமா என்பதும் புரியவில்லை. கேட்டவர்களிடம் ஒரு நாள் ஒன்று சொன்னார், மறுநாள் வேறு சொன்னார்.

அணை முடிந்து, விசைச் சக்கரங்கள் சுழன்ற வருடம், தேர்ந்தெடுத்த நாற்பது படங்களை ஆல்பமாக அச்சிட முடிவானது. படக்காரர் அலுவலகத்துக்குப் போய், மனைவி பெயரும் வர வேண்டும் என்றார். கிளார்க் நல்ல மனிதர். "அவங்க எடுத்தது எதெதுன்னு சொல்லுங்க, கீழே போட்டுடலாம்" என்றார்.

மனைவியை அழைத்து வந்தார். அப்போதுதான், காய்ச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் அவள் போயிருக்கிறாள் என்று தெரிந்தது.

"எத்தனை இருக்கும்?" என்றார் கிளார்க்.

"ஏழெட்டு இருக்கும். பத்துன்னாலும் பத்துதான்."

மேசை முழுக்கப் படங்களைப் பரப்பினார்கள். வெள்ளம் வந்த வாரத்துப் படத்தை அவள் தன்னுடையது என்றாள்.

"அது நான் எடுத்தது. மழையில துணி நனைஞ்சு நான் தும்மிக்கிட்டு வந்தேனே."

"தும்முனது நான். நீங்க கஷாயம் கேட்டுக்கிட்டுக் கிடந்தீங்க."

இன்னொரு படத்தை அவர் அவளுடையது என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அதே குழிகள், அதே கோணம், பதிவேட்டில் ஒரே கையெழுத்து. பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை. மத்தியானம் வரை கிளார்க் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மை காய்ந்துபோய், உதறி உதறி எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் அலுத்துப்போய் 'படங்கள்: அணை அலுவலகம்' என்று எழுதி, இருவரிடமும் ஒப்பம் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர், "உனக்கு வருத்தமா?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றாள்.

நிஜமாகவே கேட்கிறாளா, ஒப்புக்குக் கேட்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் நடந்தாள்.