காளிக்கு வீசிய தேங்காய் மட்டை

மகள் பந்தை எறிய, அவளுடைய எட்டு மாத நாய்க்குட்டி மொசைக் தரையில் நகம் கிறீச்சிட ஓடுகிறது. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் காளியின் ஞாபகம் வரும்.

சின்ன வயதில், அந்தமானில் சாத்தம் துறைக்குக் கப்பல் வரும் நாளெல்லாம், கரையில் கிடக்கும் ஈர மரத்தடிகளை எங்கள் நாய்க்குட்டி காளியைத் தாண்டவிட்டு வேடிக்கை காட்டுவேன். மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் கைதட்டுவார்கள்.

"போதும்டா, வளர்ற எலும்பு, உடைஞ்சிடும்!" என்று ஒருநாள் அப்பா கத்தினார்.

"ஏக் பார், அப்பா, ஒரே தடவை!" என்று தேங்காய் மட்டையை வீசினேன்.

காளி வழுக்கி விழுந்தது. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே மட்டையைக் கவ்வி வந்து, என் காலடியில் போட்டு வாலாட்டியது. கப்பலிலிருந்து இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் வீசினேன். காளி ஓடியது. அந்தக் காலை அது பிறகு ஊன்றவே இல்லை.

"பந்தைக் கொடும்மா," என்று மகளிடம் கை நீட்டுகிறேன்.

"இன்னும் எறியச் சொல்லி அதுவே கேக்குதுப்பா!"

"கேக்கும். சாகுற வரைக்கும் கேக்கும்."