எனத் தெரிகிறது

“நாலாவது வரியைப் படிங்க” என்று அன்றைய நாளிதழை நீட்டுகிறார் கடைக்காரர். மற்ற மூக்குக்கண்ணாடிக் கடைகளில் எழுத்துப் பலகையைக் காட்டுவார்கள். இவர் செய்தியைக் காட்டுவார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மேம்பாலப் பணி விரைவில் முடியும் எனத் தெரிகிறது” என்று படிக்கிறேன்.

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

“உங்களுக்குத் தெரியுது சார். எழுதினவனுக்கு யார் சொல்லித் தெரிஞ்சுதாம்? பேரே காணோமே!”

கண்ணாடி வாங்கப் போன இடத்தில் இந்த வம்பு. எங்கள் தெருவில் அவருக்குத் ‘தெரிகிறது’ என்றே பெயர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதில் செருகிய சின்ன ஸ்க்ரூடிரைவர், சட்டைப்பையில் சிவப்புப் பேனா. தினம் மூன்று நாளிதழ் வாங்குவார். ‘எனத் தெரிகிறது’, ‘எனக் கூறப்படுகிறது’ என்று வரும் இடத்திலெல்லாம் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதுவார். வட்டம் குறைவாக விழும் ஒன்றை மட்டும் பதினெட்டு வருடமாக நம்பி வந்தார். இன்னொன்றுக்கு அவர் வைத்த பெயர் ‘ஜால்ரா’.

“எந்தக் கட்சி பேப்பர்னு கேக்காதீங்க சார். பேர் போட்டு எழுதுறானான்னு பாருங்க” என்று லென்ஸைத் துடைத்தபடியே வகுப்பெடுப்பார். எரிச்சலாக வரும். வாட்சப்பில் வந்த ஒன்றை அவரிடம் வாசித்துக் காட்டி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போனபோது சிவப்புப் பேனா மூடியே இருந்தது. அவருடைய மகள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே மருந்து மாறிப்போய் ஒரு குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்கிறது. அவர் நம்பும் நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது: ‘பணியிலிருந்த செவிலியரின் கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது.’ பெயர் போடவில்லை. ஆனால் அன்று அந்த வார்டில் இருந்தது இவர் மகள்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்காரர் ‘ஜால்ரா’வைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “விடுங்கண்ணே! இதுல பாருங்க, மருந்து ஸ்டோர்லயே மாறிப்போச்சாம். பாப்பா மேல தப்பே இல்ல. இனிமே இதையே நம்புங்க.”

வாங்கிப் படித்தார். முகம் ஒரு கணம் தெளிந்தது. எனக்கே அப்பாடா என்றிருந்தது. பிறகு பேனாவைத் திறந்து, இரண்டு நாளிதழிலும் அதே சொல்லுக்கு வட்டம் போட்டார்.

“இவனும் ‘தெரிகிறது’ன்னுதான் போட்டிருக்கான்.”

“நல்லதைத்தானே அண்ணே போட்டிருக்கான்?”

“நமக்குச் சாதகமா இருந்தா மட்டும் பேர் வேணாமா?” பேனாவை மூடினார். “காலையிலேர்ந்து மக ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா. பயந்துகிட்டு எடுக்கல. ஊர்ல எல்லாரையும் யாரு யாருன்னு கேட்டேன், அவகிட்ட இன்னும் ஒரு வார்த்தை கேக்கல.”

அவர் கைபேசியை எடுத்தார்.

“அம்மாடி, அப்பா பேசறேன். சாப்பிட்டியா?” இரண்டு நாளிதழையும் மடித்து ஓரமாக வைத்தார். “எதுவா இருந்தாலும் அப்பா உன் பக்கம்தான். மருந்தை மாத்திக் குடுத்தது நீயா? நீயே சொல்லும்மா.”

மறுமுனையில் அவள் மெதுவாகப் பேசத் தொடங்கினாள். அவர் எட்டி மின்விசிறியை நிறுத்தினார்.