கிரீடத்தைத் தம்பிக்குக் கொடுத்த ராணி

மாயாஜாலத் தொடர் எழுதுவதில் யாளியைப் பறக்க விடுவது சுலபம். ராணியைச் சிம்மாசனத்தில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கைபேசிச் செயலிக்கு நான் எழுதும் ஒலித்தொடரை, முக்கூடலில் எங்கள் தெருப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள்.

கவசம்

தொடருக்கு அட்டைப்படம் அனுப்பியிருந்தார்கள். ராணி போர்க்கோலத்தில் நிற்கிறாள். கவசமோ மார்போடு முடிந்துவிட்டது. எனக்கே கூசியது. ஆனாலும் 'அருமை' என்று பதில் போட்டேன். பக்கத்து வீட்டுச் செல்வி, மடியில் பீடித்தட்டோடு, படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இடுப்பு பூரா தொறந்து கெடக்கே, அம்பு அங்கன வராதாக்கா?"

கையெழுத்து

அப்பா விட்டுப்போன வீட்டில் செல்விக்கும் பங்கு உண்டு. அது வேண்டாமென்று கையெழுத்துப் போடச் சொல்லி அவள் அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவள் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், நானும் போட்டவள்தான். அந்த வாரம் என் ராணி, அரியணை தனக்கே என்று தம்பியின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டில் சத்தம். இலை வெட்டும் கத்தரியைக் கீழே வைக்காமலே செல்வி அண்ணனுக்குச் சொன்ன பதிலைக் கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ராணி விட்டுக்குடுத்தாளா? நானும் மாட்டேன், போண்ணே!"

தியாகம்

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் செயலியின் ஆசிரியர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். ராணி கிரீடத்தைத் தம்பி தலையில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட வேண்டுமாம். ஏழு கடல் தாண்டிச் சூனியக்காரனைக் கொன்றவள் எதற்காகப் போகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த தொடர் கைநழுவிவிடுமோ என்று பயம். "சரி சார்" என்றேன். அவருக்கு ஏக சந்தோஷம்.

"பொம்பளை அழுதுகிட்டே விட்டுக்கொடுத்தாதான் மேடம், முடிவு மனசுல நிக்கும்!"

முடிவு

மனசில் நன்றாகவே நின்றது. கடைசி அத்தியாயம் வெளிவந்த மறுவாரம் செல்வி பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தாள். அண்ணன் எடுத்துக்கொடுத்த புதுச்சேலை, கட்டைவிரலில் மை. "ஏன்டி?" என்று கேட்டேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யாளி வச்சிருக்கவளே குடுத்துட்டா, பீடி சுத்துதவ என்னக்கா செய்ய?"

ஏழு கடல் தாண்டியவளையும் பக்கத்து வீட்டுக்காரியையும் ஒரே ஒரு "சரி சார்" சொல்லி வீழ்த்திய சூனியக்காரி, வேறு யாருமில்லை, உங்கள் எழுத்தாளர்தான்.