படிகளில் வாசிப்பவர்

சிஸ்டர் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது வாசிப்பார். இறங்கும்போது வாசித்ததைப் பாராமல் சொல்வார். ஒரு சொல் தப்பினாலும் பாதிப் படியில் நின்று, "சே!" என்று தன் தொடையிலேயே ஒன்று போட்டுக்கொண்டு மறுபடி மேலே போவார். காலை ஆறு மணிக்கு எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் இது தினமும் நடக்கும். பால் எடுக்கக் கதவைத் திறக்கிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"ஒரு இடத்துல உக்காந்து படிச்சா என்ன சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் உக்காந்தா உள்ள இருக்கிறது எந்திரிச்சுக்கும்க்கா." பதிலின் கடைசிப் பாதி மேல்மாடியிலிருந்து வந்தது.

சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கை சும்மா இருக்கவே கூடாது. என் வீட்டுக்கு வந்தால் காய்ந்து கிடக்கும் துணியை மடித்துக்கொண்டேதான் பேசுவார். ஆஸ்பத்திரி மடிப்பு, ஓரத்தோடு ஓரம் அப்படிச் சேரும். ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. பழக்கத்தில் நாங்கள் இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். "இப்ப நான் படுக்கை விரிப்புக்குத்தான் சிஸ்டர்" என்று சிரிப்பார்.

முன்பு வேறொரு ஆஸ்பத்திரியில் நிஜமான நர்ஸ். கனத்த நோயாளி ஒருவரைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதினார். சிஸ்டர் அதை மூன்று வருஷம் சாப்பிட்டார். மாத்திரை போதாமல் ஊசிக்குப் போனார். கடைசியில், பிடிபடுவதற்கு முன் நடந்ததை அவர் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார்.

"ஆபரேஷன் முடிஞ்ச மனுஷன், வலியில அனத்திட்டே இருந்தார்க்கா. அவருக்குப் போட வேண்டியதுல பாதி எனக்குள்ள ஓடிட்டிருந்துச்சு. நான் அவர் நெத்தியைத் துடைச்சுவிட்டு, 'கொஞ்சம் பொறுத்துக்கங்க'ன்னு சொன்னேன். வாய் கூசவே இல்ல."

அன்று எங்கள் வீட்டுத் துணி எல்லாவற்றையும் பிரித்து இரண்டாம் முறை மடித்தார்.

வேலை போய், போதை மீட்புச் சிகிச்சை இல்லத்தில் சேர்த்தார்கள். மாற்றுத் துணியோடு மாமியார் வேதப் புத்தகத்தையும் வைத்து அனுப்பினார். கல்யாணத்துக்கு வந்த பரிசு. அதுவரை ஒட்டிய பக்கங்கள்கூடப் பிரியவில்லை. பதினோராம் நாள், கால் தானாகத் துள்ளி, தோலுக்கடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தபோது, சுவரில் எறியத்தான் அதை எடுத்தாராம். விரிந்துகொண்ட பக்கத்தில் ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான்.

"கடவுளையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறான்க்கா. எங்க போய்த் தொலைஞ்ச, என் சத்தம் கேக்கலையான்னு. அட, இவன் நம்ம ஆளு! ஆறுதல் பக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இவன் சண்டையை முடிக்கட்டும்னு படிச்சேன். எறும்பு போகல. ஆனா அது பாட்டுக்கு ஊர்ந்துச்சு, நான் பாட்டுக்குப் படிச்சேன்."

வீடு திரும்பிச் சலவை வேலையில் சேர்ந்ததும் முதல் காரியமாக பிளேடு எடுத்து அந்தத் தடிப் புத்தகத்தை ஒன்பது கூறாகப் பிரித்துத் தைத்தார். முழுசாக இருந்தால் சீருடைப் பையில் நுழையாதே! மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று நாள் பேசவில்லை. "அந்தப் புத்தகத்தால கிடைச்ச முதல் நிம்மதி" என்பார் சிஸ்டர். இன்று அந்தக் கூறுகள் வியர்வையிலும் சோப்புத் தண்ணீரிலும் ஊறி வீங்கிக் கிடக்கின்றன.

ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். பதினாறு வயதில், குளியலறைக் கதவை உடைத்து, ஊசியோடு மயங்கிக் கிடந்த அம்மாவை வெளியே இழுத்தவள். அவர்கள் வீட்டு மருந்துப் பெட்டி என் அலமாரியில்தான் இருக்கிறது. அவளுக்கோ பாட்டிக்கோ தலைவலி வந்தால் அவள்தான் கீழே வருவாள். அம்மாவும் மகளும் இதைப் பற்றி எதுவும் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் மகளுக்குக் கடைவாய்ப் பல்லை அறுத்து எடுத்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மத்தியானம் வீடு வந்ததும் மாத்திரைப் பட்டையை வாங்கிக்கொள்ள வழக்கம்போலக் கை நீட்டினேன். மகள் தலையை ஆட்டினாள். வாயில் பஞ்சு, பேச முடியாது. அம்மாவின் கையை இழுத்து, உள்ளங்கையில் பட்டையை வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

சிஸ்டர் அசையாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மூடிய விரல்கள் வெளுத்துப்போயின. பிறகு பட்டையைத் தணல் மாதிரி மேஜையில் போட்டார்.

"வேண்டாம் கண்ணு. நீ குடுத்ததே போதும். இன்னிக்கு என்னால முடியாது. அக்காவே வெச்சுக்கட்டும்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிஸ்டர் செருப்புகூடப் போடாமல் வெளியே போனார். படிக்கட்டில் குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அன்று வாசிக்கவில்லை, கத்தினார். இடையில் எங்கோ ஒரு கதவு திறந்து, உடனே மூடிக்கொண்டது.

அரை மணி கழித்து, சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, மூச்சிரைத்தபடி வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "மாத்திரை நேரம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மகளின் கட்டிலருகே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் பட்டையைக் கிழித்தேன். அந்தச் சின்னச் சத்தத்துக்கே அவர் தோள் தூக்கிப் போட்டது. திரும்பவில்லை. நெற்றியைச் சுவரில் அழுத்தியபடி, தண்ணீர் டம்ளரை மட்டும் பின்பக்கமாக மகளிடம் நீட்டினார்.