நாலு கதவுக் கார்

அன்று போனவர்கள் ஐந்து பேர்: வாப்பா, வாப்பாவின் தம்பியான என் சாச்சா, என் அண்ணனான இருபத்தொரு வயதுக் காக்கா, யாரென்று எனக்குச் சொல்லப்படாத உயரமான ஒரு மனிதர், பிறகு நான். உம்மாவும் என் மூத்த சகோதரி ராத்தாவும் வரவில்லை. கார் வாங்கப் போகிற இடத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்றார் வாப்பா. எனக்கு ஒன்பது வயது என்பதால் நான் அந்தக் கணக்கில் சேரவில்லை.

சேர்ந்திருந்தாலும் என்னை விட்டுவிட்டுப் போயிருக்க முடியாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, வீட்டிலிருந்து யார் வெளிக்கிட்டாலும் நான் அவர்களின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாப்பா சந்தைக்குப் போனாலும் போவேன், உம்மா பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போனாலும் போவேன். திரும்பி வராமல் போய்விடுவார்களோ என்ற பயம். இன்னொரு பழக்கமும் அப்போதுதான் தொடங்கியது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அதற்கு எத்தனை கதவு என்று எண்ணுவேன். இப்போதும் எண்ணுகிறேன். கலியாண வீடுகளில் கதவுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கென்று எழுதாமல் எழுதியது.

கார் காக்காவுடையது. அதாவது, காக்காவின் காசில் வாங்கப்போகிற கார். வாப்பாவின் உழவு மெசினில் ஓடப் பழகி, லைசன் எடுத்த கையோடு, வீடு கட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டு நிறுவனமொன்றில் காக்கா சாரதியாகச் சேர்ந்தார். கடல் எங்களிடமிருந்து எடுத்ததில் ஒரு துளியை அந்த வேலை வழியாகத் திருப்பிக் கொடுத்தது என்று சாச்சா சொல்வார். இரண்டு வருசத்தில் மூன்று லட்சம் சேர்ந்தது. சேர்ந்ததெல்லாம் வாப்பாவின் கையில் இருந்தது. நிறுவனம் மூட்டை கட்டப்போகிறது என்று தெரிந்ததும், பழைய கார் ஒன்று வாங்கித் தரும்படி காக்கா கேட்டார். வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயருக்கும் விடலாம் என்று சும்மா ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். ஹயருக்கு விடுகிற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை என்பது எனக்கே தெரியும். நிந்தவூரில் ஒரு வீட்டு வாசலில் நின்ற சின்னச் சிவப்புக் காரைப் பற்றி அவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கதைத்த கதை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

வாப்பா உடனே ஓம் என்றது காக்காவுக்கே ஆச்சரியம். வாப்பா எதற்கும் உடனே ஓம் சொல்கிறவர் அல்ல. அதுவும் அந்த நாட்களில் அவருக்கு வேறு கவலை இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து அதில் இருப்பார். ராத்தாவுக்கென்று கடற்கரைப் பக்கம் கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோனது. அந்த இடத்தில் இனிக் கட்டக்கூடாது என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. வயல் பக்கம் எங்களுக்குக் கிடைத்த வீட்டுத்திட்ட வீடு ஓர் அறையும் ஒரு குசினியும். ராத்தாவைக் கேட்டு வந்தவர்கள் அந்த அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

சாச்சாவின் ஓட்டோவில் போனோம். முன்னால் சாச்சாவோடு காக்கா அரைச் சீட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். செக்பொயின்ட் வருமுன் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்வார். உயரமானவர் நிந்தவூர்ப் பள்ளிவாசலடியில் நின்று ஏறினார். வாப்பா இறங்கி, அவரை ஏற்றிவிட்டுத் தான் ஏறினார். தெரிந்த ஆள், அக்கரைப்பற்றுப் பக்கம், கார்களைப் பற்றி விளக்கமுள்ளவர் என்று மட்டும் சொல்லப்பட்டது. எனக்கு அவரின் முழங்கால்கள்தான் தெரிந்தன. ஓட்டோவுக்குள் அவை அவரின் நாடி வரைக்கும் வந்து நின்றன.

சிவப்புக் கார் காக்கா சொன்னதைவிட வடிவாக இருந்தது. ஸ்ரீ எழுத்து நடுவில் உள்ள பழைய நம்பர், வட்டமான இரண்டு லைட், ஆச்சரியப்பட்டுப் பார்க்கிற முகம் போல. காக்காவின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. சொந்தக்காரர் ஒரு வங்கி உத்தியோகத்தர். மூன்று லட்சத்துப் பத்தாயிரம், பேசினால் மூன்றுக்கு வருவார் போலிருந்தது.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் கார் பார்க்கிற முறை வேறு. எஞ்சினைப் பிறகு பார்ப்பார்கள். முதலில் அது கடல் குடித்த காரா என்று பார்க்க வேண்டும். கடல் தண்ணிக்குள் கிடந்த எத்தனையோ வாகனங்கள் புதுப் பெயின்ட் பூசிக்கொண்டு மெல்ல விலைக்கு வந்துகொண்டிருந்தன. அதில் சாச்சா கெட்டிக்காரர். கால் விரிப்பைத் தூக்கி, சீட்டின் கீழே நட்டுப் பூட்டிய இடத்தில் விரலை ஓட்டி, விரலை நாக்கில் வைத்தார். பிறகு மறுபக்கம் போய் அங்கும் நக்கினார்.

சொந்தக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நக்கிப் பாத்துக் கார் வாங்குற ஆக்கள இண்டைக்குத்தான் காணுறன்” என்றார்.

“மாட்டுக்குப் பல்லு, காருக்கு உப்பு” என்றார் சாச்சா, நாக்கைத் துடைத்துக்கொண்டு. “உங்கட காரு நல்ல காரு. உப்பு இல்ல.”

கடல் வந்தபோது அந்தக் கார் பதுளையில் மலைமேல் நின்றதாம். காக்கா என்னையும் சாச்சாவையும் ஏற்றிக்கொண்டு வயல் ரோட்டில் ஓடிப் பார்த்தார். நிறுவனத்து ஜீப்பை ஓட்டும்போது அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகம் போல இறுகி இருக்கும். அன்று அப்படியில்லை. கியர் மாற்றும் ஒவ்வொரு தரமும் தனக்குள் சிரித்தார். வாய்க்கால் மதகில் கார் ஒரு துள்ளுத் துள்ளியபோது சத்தமாகவே சிரித்துவிட்டார். நான் பின் சீட்டில் இருந்து கதவைத் தேடினேன். எனக்கென்று கதவு இல்லை. தண்ணி வந்தால் முதலில் சாச்சா இறங்க வேண்டும், பிறகு சீட்டை மடிக்க வேண்டும், பிறகுதான் நான். சாச்சா ஆறுதலாக இறங்குகிற ஆள்.

திரும்பி வந்ததும் வாப்பா அதே குறையைத்தான் சொன்னார். இரண்டு கதவு, உம்மாவும் ராத்தாவும் எப்படி ஏறுவது? சீட்டை மடித்தால் ஏறலாம் என்று காக்கா மடித்துக் காட்டினார். வாப்பா அதைப் பார்க்கவில்லை. உயரமானவரைப் பார்த்து, ஒருக்கா இருந்து பாருங்களேன் என்றார். அவர் ஏறியது சாரதியின் சீட்டில். சீட்டைப் பின்னால் எவ்வளவு தள்ளியும் அவரின் முழங்கால்கள் ஸ்டியரிங்கைத் தாண்டவில்லை. தலை கூரையில் தட்டியது. ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தார். வாப்பாவின் முகம் விழுந்துபோனது.

எனக்கு இது விளங்கவில்லை. விளங்காததை வைத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது, நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கேட்டேன்.

“காக்காட காருக்கு இவர்ர கால் என்னத்துக்கு?”

சாச்சா என் தலையில் லேசாகத் தட்டினார். காக்கா மட்டும், “கேட்டது சரிதானே?” என்று சிரித்தபடி வாப்பாவைப் பார்த்தார். வாப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். காக்கா உயரமானவரைப் பார்த்தார், மறுபடியும் வாப்பாவைப் பார்த்தார். சிரிப்பு வாயிலேயே நின்றது, கண்ணிலிருந்து போய்விட்டது. வெயில்தான் காரணம் என்று நான் நினைத்தேன்.

அங்கிருந்து சம்மாந்துறைக்குப் போனோம். இப்படி இன்னொரு காரும் பார்க்க இருக்கிறது என்று காக்காவுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. வெள்ளைக் கார், நாலு கதவு, ஒரு அரிசி மில்லின் நெல் காயப்போடுகிற தளத்தில் நின்றது. மேலெல்லாம் உமித் தூசி. மில் முதலாளி, தன் கார் கடலைக் கண்ணாலும் கண்டதில்லை என்றார். சாச்சா அப்படியும் நக்கிப் பார்த்தார். விலை நாலு லட்சத்து எழுபத்தையாயிரம். மூன்றைத் தந்துவிட்டு மிச்சத்தை மாதாமாதம் தரலாம் என்று ஏற்கெனவே கதைத்து வைத்திருந்தது போலவே எல்லாரும் கதைத்தார்கள்.

உயரமானவர் ஏறி இருந்தார். காலை நீட்டினார், மடக்கினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அன்று முதல் தரம் சிரித்தார்.

“மகனுக்கும் என்ர அளவுதான்” என்றார் வாப்பாவிடம். “செருப்பும் ஒண்டுதான் போடுற.”

அவருக்கு ஒரு மகன் இருப்பதும் அந்த மகனின் செருப்பு அளவும் எங்கள் காருக்குள் ஏன் வருகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாப்பா காக்காவின் தோளில் கை போட்டு மில்லுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். வாப்பா யாருடைய தோளிலும் கை போடுகிறவர் அல்ல. மில் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. வாப்பாவின் கை மேலும் கீழும் போவது தெரிந்தது. காக்கா நிலத்தில் கிடந்த நெல்லைக் காலால் ஒரு பக்கமாக ஒதுக்குவது தெரிந்தது. பிறகு காக்கா தனியே திரும்பி வந்து என் முன்னால் குந்திக்கொண்டு இருந்தார்.

“உனக்கு எது விருப்பம் புள்ள? சிவப்பா, வெள்ளயா?”

என்னிடம் அதுவரை யாரும் எதைப் பற்றியும் விருப்பம் கேட்டதில்லை. சிவப்பில் அவர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. கதவும் ஞாபகம் வந்தது.

“வெள்ள” என்றேன். “நாலு கதவு இரிக்கி. எல்லாருக்கும் ஒவ்வொண்டு.”

காக்கா எழும்பி, மில்லின் சத்தத்துக்கு மேலாக வாப்பாவைக் கூப்பிட்டார்.

“இவளும் வெள்ளயத்தான் சொல்றாள் வாப்பா. வெள்ளயே எடுப்பம்.”

நான் சொல்லித்தான் கார் வாங்கப்பட்டது. எவ்வளவு பெருமை என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். காக்கா ஓட்டினார், பக்கத்தில் உயரமானவர், பின்னால் வாப்பாவும் நானும், அதற்குப் பின்னால் ஓட்டோவில் சாச்சா. உயரமானவர் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்ததால் எனக்குக் கால் வைக்க இடமில்லை, ஆனாலும் எனக்கென்று ஒரு கதவு இருந்தது. காக்கா மெதுவாக ஓட்டினார். பள்ளம் கண்ட இடத்தில் நின்று நின்று, பிறருடைய பொருளைக் கொண்டுபோகிறவர் போல. இன்னும் பழகவில்லை, பழகினால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

காரைதீவுச் சந்தி செக்பொயின்ட்டில் எங்களை இறக்கினார்கள். சோல்ஜர் ஒருவர் காரைச் சுற்றி வந்துவிட்டு, கார் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். லேசான கேள்வி. எனக்கே அது விளங்கியது. வாப்பா உயரமானவரைப் பார்த்தார். உயரமானவர் தன் செருப்பைப் பார்த்தார். சோல்ஜர் மறுபடி கேட்டார், இந்தத் தரம் சத்தமாக. என் கை வாப்பாவின் சட்டைக்குப் போய்விட்டது.

“அபே” என்றார் காக்கா. எங்களுடையது.

சோல்ஜர் போகச் சொன்னார். உயரமானவர் ஏறுமுன் காக்காவின் கையைப் பிடித்து, விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பெரிய ஆட்கள் சில நேரம் இப்படிச் சின்ன விசயத்துக்கெல்லாம் கை பிடிப்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் ராத்தாவுக்குக் கலியாணம். உயரமானவரின் உயரமான மகன் எங்கள் மச்சானாக வந்தார். சந்தோசத்தில் காக்கா காரை அவருக்கு ஓடக் கொடுத்திருக்கிறார் என்றே நம்பினேன். மச்சான் நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல ஏலாது. நிறுவனம் போனதும் காக்கா கட்டார் போனார். வெள்ளைக் காரின் மாதக் காசு அங்கிருந்து வந்தது. சண்டை முடிந்து பாதை திறந்த வருசம், மச்சான் அந்தக் காரில் எங்களை யாழ்ப்பாணம் வரை கூட்டிக்கொண்டு போனார். உம்மா, ராத்தா, நான், ஆளுக்கொரு கதவு. திரும்பி வந்து காக்காவிடம் ஃபோனில் எல்லாம் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிந்தவூர்ப் பக்கம் அந்தச் சிவப்பு இன்னும் ஓடுகிறதா என்று அவர் கேட்டார். அதை யார் பார்த்தது?

என்னைப் பெண் கேட்டு வந்தபோது வந்தவர்களில் ஒருவர், தேத்தண்ணி வருமுன், முற்றத்தில் நின்ற காக்காவின் பழைய மோட்டார் சைக்கிளில் சும்மா ஏறி இருந்து, இரண்டு காலும் நிலத்தில் படுகிறதா என்று பார்த்தார். நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு காலையும் கண்ட பிறகுதான் ஸ்டியரிங்கில் தட்டிய முழங்கால்களும், மில்லுக்குப் பின்னால் மேலும் கீழும் போன வாப்பாவின் கையும் எனக்கு விளங்கின. கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகத்தான் அந்த நாலு கதவும் வந்தது.

அன்று பின்னேரமே கட்டாருக்கு ஃபோன் எடுத்தேன். அண்டைக்கு நான் சொன்னதாலயா வெள்ளயை எடுத்தீங்க என்று கேட்டேன்.

“ஓம்” என்றார் காக்கா. “நீதானே நாலு கதவு கேட்ட.”

அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் அங்கே இன்னும் வேறொருவரின் பெரிய வாகனத்தைத்தான் ஓட்டுகிறார். வயலை விற்றென்றாலும் உன் காசைத் தருவேன் என்று மில்லுக்குப் பின்னால் வாப்பா சொன்னாராம், உம்மா பிறகு சொன்னார். நல்ல விளைச்சல் கண்ட ஒரு போகத்தில் ஐம்பதாயிரம் கொடுத்தார், அதையும் காக்கா என் கலியாணச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார் என்பது வேறு கதை. அடுத்த போகத்தைக் காணாமலே வாப்பா மௌத்தாகிவிட்டார். காக்கா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, ராத்தாவும் நானும் திறந்ததில்லை. ஆனால் கணக்கு தானாகக் கரைவதில்லை. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான், இந்தக் கழித்தலுக்கு அது போதும். காக்காவுக்கு நாங்கள் கொடுக்க இருப்பது இன்னும் நாலு லட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய்.