பூச்சி இல்லாத சனிக்கிழமை

என் தங்கை பிரிஜெட்டின் கணவர் தியோடருக்கு ஐம்பத்தாறு வயது. கோலார் தங்கவயலில் பிறந்து, லிங்கராஜபுரத்தில் குடியேறி, வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்க்கிறவர். லிஃப்ட் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவர் வேலை. ஆனால் லிஃப்டையே தான்தான் கண்டுபிடித்ததுபோல் பேசுவார்.

போன வருடம் பிரிஜெட் டெங்குவில் பிழைத்ததே பெரிது. குணமானதும் தவக்காலத்தில் மலையேறிச் சிலுவைப்பாதை செய்வதாக நேர்ந்துகொண்டாள். கோயில்காரர்கள் இருபது பேர் கூட வருவதாகச் சொன்னார்கள்.

"நாள் நான் குறிக்கிறேன். ஒருத்தரையும் ஒரு பூச்சி கடிக்காது," என்றார் தியோடர், பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது. "கடிச்சா இனிமே எதுக்கும் நான் நாள் குறிக்கல."

இரண்டு மாதம் போனை நோண்டினார். மழைக்காலம் என்றால் அட்டை. மழை விட்டால் கொசு. ஆகவே மார்ச் மூன்றாவது சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. தரை காய்ந்திருக்கும், காற்றடிக்கும், கொசு பறக்காது. கொசு விஷயத்தில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஒன்று சரியாகிவிட்டால் அந்த மனிதர் அடுத்ததைக் காதில் வாங்கமாட்டார்.

கோலார் பக்கத்துக் குன்று. அடிவாரத்தில் மாடு மேய்த்த பெண் எங்களைப் பார்த்ததும் சொன்னாள்: "அண்ணா, புல்லுல உக்காராதீங்க. வெயில் காலத்துல உண்ணி ஜாஸ்தி."

"அது மாட்டுக்கு வர்றதும்மா. நாங்க எல்லாம் பாத்துட்டுதான் வந்திருக்கோம்."

"எனக்கும்தான் வருது," என்று கணுக்காலைக் காட்டினாள். தியோடர் அவளிடம் ஒரு ஜெபப் புத்தகத்தை நீட்டினார்.

சிலுவைப்பாதையில் பதினான்கு நிலை. ஒவ்வொன்றிலும் முட்டி போட வேண்டும். பாறையில் வலிக்கும் என்று காய்ந்த புல்லாகப் பார்த்து இடம் காட்டியவரும் அவரே. பிரிஜெட் நின்றே ஜெபித்தாள். "முட்டி மடங்கல," என்றாள். அவள் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கணுக்காலை அவள் நன்றாகப் பார்த்திருந்தாள்.

"உனக்கும் சேத்து நான் போடறேன்," என்று தியோடர் ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மடங்கு நேரம் புல்லில் இருந்தார்.

நான் நர்ஸாக இருந்தவள். இறங்கியதும் ஒவ்வொருவரையும் மறைவில் நிறுத்தி இடுப்பு, அக்குள், முட்டிக்குப் பின்புறம் என்று பார்த்தேன். ஏழு பேர் மேல் உண்ணி ஊர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

"ஊர்ந்துது. கடிக்கலையே?" என்றார் தியோடர். "நாள் சரிதான்." தன்னைப் பார்க்க விடவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக் குளித்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லக்கா," என்றார்.

எட்டாம் நாள் காய்ச்சல் நூற்று மூன்று. உள்ளங்கையில் சிவப்புப் புள்ளி. கிளினிக்குக்கு இழுத்துப் போனோம்.

"பூச்சி ஏதாவது கடிச்சுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"சான்ஸே இல்ல டாக்டர். பூச்சி இல்லாத நாளாப் பாத்துப் போனோம்."

டாக்டர் டெங்கு டெஸ்டுக்கு எழுதத் தொடங்கினார்.

"என்னங்க, சட்டையத் தூக்குங்க," என்றாள் பிரிஜெட்.

"எதுக்கு?"

"உங்க பேன்ட்டத் தோய்க்கிறது யாரு? இடுப்புப் பட்டி ஓரத்துல ரத்தம். எட்டு நாளாப் பாக்கறேன், நீங்களே சொல்லுவீங்கன்னு."

அவர் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டுத் தூக்கினாள். பெல்ட்டுக்குக் கீழே உளுந்து அளவுக்குக் கறுப்புப் பொருக்கு.

"அது பாறையில உரசினது."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. செத்துட்டா அப்புறம் நாள் குறிக்க முடியாது."

"கடிச்சுது," என்றார் தியோடர். குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்காது.

டாக்டர் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார், உண்ணிக் கடி என்று குறித்து. தியோடர் அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். பக்கத்து மருந்துக்கடை ரயானுடையது; அவனும் மலைக்கு வந்தவன், நாள் குறித்த பேச்சைக் கேட்டவன்.

"வேற கடையில வாங்கு, பிரிஜெட். பானஸ்வாடில ஒண்ணு இருக்கு."

அவள் அவருடைய சட்டைப் பையில் கைவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே ரயான் கடைக்கு நடந்தாள்.